டெவின் ஹெஸ்டரை ரிசீவர் ஆக்கியது தவறா?

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் தொடங்கி 14 வினாடியில் டெவின் ஹெஸ்டர் டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரைத் தேடினால் 'வைட் ரிசீவர், ரிட்டர்ன் ஸ்பெஷலிஸ்ட்' என்று இரண்டு வேலைகள் போட்டிருக்கின்றன, ஆனால் ரிசீவர் கணக்கு சுமாராகத்தான் இருக்கிறது, இப்படிப் பறக்கிற ஆளை சிகாகோ பேர்ஸ் அணி தப்பான இடத்தில் போட்டு வீணடித்துவிட்டதா என்பது உங்கள் கேள்வி. எனக்கு அது இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கேட்கிறது. பந்து கைக்கு வந்தபிறகு ஓடுவதில் நிகரே இல்லாத ஒருவர், பந்தை வாங்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதில் மட்டும் ஏன் சாதாரண ஆட்டக்காரராக இருந்தார்? இதற்கு விடை கிடைத்தால் வீணடித்தார்களா இல்லையா என்பதற்கும் கிடைத்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005-லிருந்து சிகாகோவின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறேன். மகன் சிறுவர் அணியில் சேர்ந்தபோது பயிற்சிக்கு ஆள் போதவில்லை என்று உதவப் போனேன். அப்புறம் பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போய், ஓர் உயர்நிலைப் பள்ளி அணியில் ஒன்பது வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். பன்ட் பிடிக்கவும் பிடித்துவிட்டு ஓடவும் பழக்குவது என் பொறுப்பு. தொழில்முறை அணிக்குள் நான் இருந்ததில்லை. அதனால் பேர்ஸின் கூட்ட அறையில் என்ன பேசினார்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. மைதானத்தில் நடந்தது, கணக்கில் ஏறியது, பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் தெரிந்துகொண்டது, இவற்றை வைத்துத்தான் பேசுகிறேன்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களும் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் அடிப்படை. ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும், ஓர் அணி புள்ளி எடுத்த பிறகும், பந்தைத் தரையில் நிறுத்தி எதிரணிக்கு உதைத்து அனுப்புவார்கள். அது கிக்காஃப். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். மூன்றிலும் முடியவில்லை என்றால், நாலாவதில் பந்தைக் கையிலிருந்து விட்டு உயரமாக உதைத்து எதிரணியைத் தூரத் தள்ளிவிடுவார்கள். அது பன்ட். இவற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடி வருபவர் ரிட்டர்னர். ரிசீவர் வேலை வேறு. தன்னைக் காவல் காக்கும் எதிராளியை ஏமாற்றி விலகி, தன் அணியில் பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் அனுப்பும் பந்தைப் பிடிப்பது அது. பெரும்பாலான அணிகளில் ரிட்டர்னர் வேலையைப் புதிதாக வந்த ரிசீவர் அல்லது எதிரணி ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் தலையில் கூடுதலாகக் கட்டுவார்கள். ஹெஸ்டர் விஷயத்தில் அந்தக் கூடுதல் வேலையே பிரதானமாகிவிட்டது.

அவர் பிறந்தது 1982 நவம்பர் 4, ஃப்ளோரிடாவின் ரிவியரா பீச்சில். சின்ன வயதிலேயே தாய் கார் விபத்தில் மோசமாக அடிபட்டார். கொஞ்ச காலத்தில் தந்தை புற்றுநோயில் இறந்துபோனார். மயாமி பல்கலைக்கழகத்தில் ஆடியபோது தாக்குதல் அணியிலும் போட்டார்கள், தற்காப்பு அணியிலும் போட்டார்கள், ரிட்டர்னும் கொடுத்தார்கள். எங்கே போட்டாலும் பந்து கையில் வந்தால் ஏதாவது நடந்தது. ஆனால் 'இதுதான் இவன் இடம்' என்று ஓரிடம் அமையவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2006 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுப்பது) இரண்டாவது சுற்றில், மொத்தத்தில் 57-வது ஆளாக பேர்ஸ் அவரை எடுத்தது. எடுத்தது கார்னர்பேக் என்று, அதாவது தற்காப்பு ஆட்டக்காரராக.

அந்த 2006 பருவம் இந்த ஊரில் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதல் ஆட்டமே பரம எதிரியான கிரீன் பே பேக்கர்ஸோடு, அவர்கள் மைதானத்தில். 84 யார்டு பன்ட் ரிட்டர்ன், டச்டவுன். அடுத்த மாதம் அரிசோனாவில் திங்கட்கிழமை இரவு ஆட்டம். பாதி முடிந்தபோது பேர்ஸ் 20-0 பின்தங்கியிருந்தது. தாக்குதல் அணி அன்று ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்கள் பந்தைப் பிடுங்கி இரண்டு டச்டவுன் போட, மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் ஹெஸ்டர் 83 யார்டு பன்ட் ரிட்டர்னில் மூன்றாவதைப் போட்டார். 24-23 என்று ஜெயித்தார்கள். மறுநாள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸோடு நடந்ததை நான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஜயன்ட்ஸ் தொலைவிலிருந்து ஃபீல்ட் கோல் முயற்சி செய்தார்கள், அதாவது பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பப் பார்த்தார்கள். பந்து கம்பத்துக்கு எட்டாமல் குறைவாக விழுந்தது. அப்படி விழும் பந்தையும் எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று விதி இருக்கிறது. மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் நின்றிருந்த ஹெஸ்டர் அதைப் பிடித்தார். பிடித்ததும் ஆட்டம் முடிந்துபோன மாதிரி இரண்டு அடி சும்மா நடந்தார். ஜயன்ட்ஸ் ஆட்கள் தளர்ந்தார்கள். அவ்வளவுதான், 108 யார்டு ஓடி மறுமுனைக்குப் போய்விட்டார். முந்தைய வருடம் அதே பேர்ஸின் நேதன் வாஷர் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்த ஓட்டம் அது. டிசம்பரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு கிக்காஃப் டச்டவுன்கள், 94 யார்டும் 96 யார்டும். மொத்தம் ஆறு ரிட்டர்ன் டச்டவுன்கள், முதல் வருடத்திலேயே.

2007 பிப்ரவரி 4, சூப்பர் பவுல், மயாமியில் மழை. நீங்கள் பார்த்த வீடியோ அதுதான். சூப்பர் பவுல் வரலாற்றில் தொடக்க கிக்காஃபை டச்டவுனுக்குக் கொண்டுபோன முதல் ஆள் அவர், 92 யார்டு. ஆனால் பேர்ஸ் 29-17 என்று இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடம் தோற்றது. உங்கள் கேள்விக்கு உதவுகிற விஷயம் அந்த 14 வினாடிக்கு அப்புறம் நடந்தது. கோல்ட்ஸ் அதன்பிறகு அவரை நோக்கி ஒழுங்காக உதைக்கவே இல்லை. பந்தைத் தாழ்வாகவும் குட்டையாகவும் உதைத்து வேறு ஆட்கள் கையில் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒரு ரிட்டர்னரைத் தடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது, அவனுக்குப் பந்தையே தராமல் இருப்பது. பேர்ஸ் அவரைத் தாக்குதல் அணிக்கு மாற்றியதன் பின்னால் இருந்த நியாயம் இங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன் இந்த வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பன்ட் மேலே போனதும் பிடிப்பவனுக்கு நாலு, நாலரை வினாடி கிடைக்கும். அதே நேரத்தில் எதிரணியின் இரண்டு ஆட்கள் இரு ஓரங்களிலிருந்தும் அவனை நோக்கி முழு வேகத்தில் ஓடி வருகிறார்கள். அவன் கண் வானத்தில் இருக்க வேண்டும். பந்தின் மூக்கு கீழே கவிழ்ந்தால் அது இன்னும் தூரம் போகும், பின்னால் நகர வேண்டும். மூக்கு கவிழாமல் நிமிர்ந்தே இருந்தால் குறைவாக விழும், முன்னால் ஓட வேண்டும். இடதுகாலால் உதைப்பவர் என்றால் பந்து சுற்றுவதும் மாறும், ஒதுங்குகிற பக்கமும் மாறும். பந்து உச்சிக்குப் போன கணத்தில் ஒரே ஒரு தடவை கண்ணைக் கீழே இறக்கி, ஆட்கள் எவ்வளவு கிட்டே என்று பார்த்துவிட்டு மறுபடி மேலே போக வேண்டும். முழங்கை இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், பந்து நெஞ்சுக்கு வர வேண்டும். கிரிக்கெட்டில் உயரமாக எழும்பிய கேட்ச் பிடித்தவர்களுக்குப் பாதி புரியும். மீதிப் பாதி, பிடித்த மறுகணம் நூறு கிலோ ஆள் ஒருவன் உங்கள் மேல் விழப் போகிறான் என்று தெரிந்தே பிடிப்பது.

இதெல்லாம் முடிந்தபிறகு வருவதுதான் ஹெஸ்டர் தனித்து நிற்கும் இடம். பந்து கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் ஒரு கணம் பார்த்து, ஒரு பக்கம் முடிவு செய்து ஓடுவார்கள். ஹெஸ்டர் பிடிக்கும்போதே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருப்பார். எதிராளிகள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்ததும் காலை ஊன்றி ஒரே ஒரு வெட்டு. அதற்கப்புறம் நேர்க்கோடு. அவர் ஓட்டங்களை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், வளைவுகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். எங்கே வழி திறக்கப் போகிறது என்பது, திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது ஸ்பெஷல் டீம்ஸ் (உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) பயிற்சியாளராக இருந்த டேவ் டௌப் அமைத்த தடுப்பாளர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. வழியைத் திறந்தவர்கள் அவர்கள்.

சரி, 2007-க்கு வருவோம். பேர்ஸ் அவரை ரிசீவராக மாற்றியது. அந்த வருடம் அவருக்கு இரண்டு வேலையும் ஒரே நாளில் கைகூடிய ஓர் ஆட்டம் உண்டு. அக்டோபரில் மின்னசோட்டா வைக்கிங்ஸோடு, சிகாகோவில். ஒரு பன்டை 89 யார்டு கொண்டுபோய் டச்டவுன் போட்டார். கடைசி நிமிடங்களில் பிரையன் கிரீஸி எறிந்த பந்தைப் பிடித்து 81 யார்டு ஓடி இன்னொன்று போட்டு 31-31 என்று சமன் செய்தார். ஆனால் மின்னசோட்டா கடைசி ஃபீல்ட் கோலில் ஜெயித்துவிட்டது. அன்று அவர்களின் ஏட்ரியன் பீட்டர்சன் 224 யார்டு ஓடியிருந்தார். அன்றைக்கு மைதானத்தை விட்டு வந்த எவரும் ஹெஸ்டரை ரிசீவராக்கியது தவறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் துணிந்து அவருக்கே உதைத்தது. ஒரு பன்ட் 75 யார்டு, ஒரு கிக்காஃப் 88 யார்டு, இரண்டும் டச்டவுன். பேர்ஸ் கூடுதல் நேரத்தில் 37-34 என்று வென்றது. அந்த வருடமும் ஆறு ரிட்டர்ன் டச்டவுன்கள். இரண்டே பருவத்தில் பன்னிரண்டு. இந்தக் கணக்கை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள், இதற்கு இணையாக இந்த ஆட்டத்தில் வேறெதுவும் இல்லை.

2008-லும் 2009-லும் அவர் போட்ட ரிட்டர்ன் டச்டவுன்கள் பூஜ்யம்.

அதே இரண்டு வருடங்கள்தான் ரிசீவராக அவர் அதிகம் பந்து பிடித்தவை. 2008-ல் 51 கேட்ச், 665 யார்டு. 2009-ல் 57 கேட்ச், 757 யார்டு, அதுவே அவருடைய உச்சம். பன்ட் ரிட்டர்ன் சராசரி 2007-ல் 15.5 யார்டாக இருந்தது, 2008-ல் 6.2 ஆக விழுந்தது. சிகாகோவில் பலர் இதை வைத்துத்தான் 'ரிசீவர் வேலை கொடுத்துக் காலைக் களைக்கவைத்து, உலகத்திலேயே சிறந்த ரிட்டர்னரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள். நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன். எண்கள் உறுதியானவை, அவற்றில் சந்தேகம் இல்லை. காரணம்தான் அவ்வளவு உறுதியில்லை.

ஏனென்றால் 2010-ஐப் பாருங்கள். அந்த வருடமும் அவர் ரிசீவர்தான், 40 கேட்ச், 475 யார்டு. ஆனால் பன்ட் ரிட்டர்ன் சராசரி 17.1, மூன்று டச்டவுன்கள். 2014-ல் அட்லாண்டா அணிக்கு மாறியபின் 38 கேட்ச், 504 யார்டு, கூடவே ஒரு பன்ட் டச்டவுன், அந்தப் பருவத்தின் சிறந்தவர்களுக்கான ப்ரோ பவுலுக்கும் தேர்வானார். களைப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டு வருடங்களும் இப்படி இருந்திருக்கக் கூடாது. மறுபக்கம், தடுப்பாளர்கள் தேய்ந்துபோனார்கள் என்றும் சொல்ல முடியாது. 2008-ல் பேர்ஸின் கிக்காஃபுகளைப் பெரும்பாலும் டேனியல் மானிங் எடுத்து ஓட ஆரம்பித்தார். அவர் சராசரியில் லீக்கிலேயே முதலிடம். 2009-ல் ஜானி நாக்ஸ் ஒரு கிக்காஃபை 102 யார்டு கொண்டுபோனார். கிக்காஃப் தடுப்பு நன்றாகவே இருந்திருக்கிறது. பன்டுக்கு நிற்கும் ஆட்கள் வேறு என்பதால் இது முழு ஆதாரம் ஆகாது, ஆனாலும் ஒரு பக்கம் சாய்க்கிற ஆதாரம்.

என் கணிப்பைச் சொல்கிறேன், கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருடங்களில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. எதிரணிகள் பந்தைக் கோட்டுக்கு வெளியேயும் ஓரத்திலும் உதைத்து அவரை ஒதுக்கின. கிடைத்த சிலவற்றில் அவர் அவசரப்பட்டுப் பக்கவாட்டில் ஓடி யார்டு இழந்தார். கூடவே, 25 வயதுக்கு மேல் ஒரு புதுத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார். கால் களைத்ததைவிட மனம் நிறைந்துபோயிருந்தது என்று எனக்குப் படுகிறது. பன்டை எடுத்து ஓடுகிறவனுக்கு யோசனை இருக்கக் கூடாது. ரிசீவருக்கு யோசனைதான் வேலை.

இதை எங்கள் பள்ளி அணிப் பையன் ஒருவனை வைத்துச் சொன்னால் விளங்கும். மாவட்ட அளவில் 100 மீட்டர் ஓடியவன். பன்ட் பிடித்தால் அவனைத் தொட ஆள் இல்லை. அவனை ரிசீவராகப் போட்டோம். நேராக பன்னிரண்டு யார்டு ஓடி, உள்பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும் என்று புல்லில் ஆரஞ்சுக் கூம்பு வைத்துப் பழக்கினோம். கூம்பு இருந்தால் சரியாகத் திரும்புவான். கூம்பை எடுத்தால் ஒரு தடவை பத்தில் திரும்புவான், ஒரு தடவை பதினாலில். இரண்டு யார்டுதானே என்று தோன்றும். ஆனால் குவார்ட்டர்பேக் அவன் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடுகிறான். பந்து பன்னிரண்டாவது யார்டில் வந்து விழுகிறது, அங்கே எதிராளி நிற்கிறான். அதுவும் எதிரணி ஒரு மாதிரி நின்றால் உள்ளே வெட்டு, வேறு மாதிரி நின்றால் ஓடிக்கொண்டே இரு, இன்னொரு மாதிரி என்றால் நின்று திரும்பு என்று ஒரே ஓட்டத்துக்குள் மூன்று கிளைகள் இருக்கும். ஓடிக்கொண்டே அதைப் படித்து, குவார்ட்டர்பேக் என்ன படித்தானோ அதையே நாமும் படிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஒரே இடத்தில் ஆடியவர்களுக்கு இது இரத்தத்தில் ஊறியிருக்கும். மயாமியில் ஓரிடம் அமையாமல் எல்லா இடத்திலும் ஆடிய, கார்னர்பேக்காகத் தொழிலுக்கு வந்த ஹெஸ்டருக்கு அந்த வருடங்கள் கிடைக்கவே இல்லை. அதோடு அவருக்கு எறிந்தவர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ரெக்ஸ் கிராஸ்மன், கிரீஸி, 2008-ல் கைல் ஆர்ட்டன், 2009-ல் ஜே கட்லர். தாக்குதல் அணிப் பயிற்சியாளர் ரான் டர்னர் போய் 2010-ல் மைக் மார்ட்ஸ் வந்தபோது தாக்குதல் திட்டமே மாறியது. கற்ற பாடத்தைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவுக்குப் பிறகும் மொத்தம் 255 கேட்ச், 3,311 யார்டு, 16 டச்டவுன். இதைச் சுமார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். முழுநேர ரிசீவர்களோடு வைத்துப் பார்த்தால் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். 24 வயதில் வேலை மாறிய கார்னர்பேக்கின் கணக்காகப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இன்னொரு விஷயம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2011-ல் கிக்காஃபை 30-வது யார்டிலிருந்து 35-வது யார்டுக்கு முன்னால் தள்ளினார்கள். முழு வேகத்தில் இரு பக்கமும் வந்து மோதுவதால் தலையில் அடிபடுவதைக் குறைக்க வேண்டும் என்பது காரணம், நியாயமான காரணம். அதன் விளைவாகப் பந்து எண்ட் ஸோனைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. ரிட்டர்ன் இல்லாமல் முடிந்த கிக்காஃபுகள் 2010-ல் சுமார் 16 சதவீதம், 2011-ல் சுமார் 44. ஹெஸ்டர் நல்ல வேகத்தில் இருக்கும்போதே அவருடைய சந்தையில் பாதியை மூடிவிட்ட மாதிரி. அந்த வருடமும் அவர் கரோலினாவுக்கு எதிராக 69 யார்டு பன்ட் ஓட்டத்தில் எரிக் மெட்காஃபின் பத்து பன்ட் டச்டவுன் சாதனையைத் தாண்டினார் என்பது வேறு.

2012 முடிவில் தலைமைப் பயிற்சியாளர் லவி ஸ்மித்தை அனுப்பிவிட்டார்கள். ஹெஸ்டர் மனம் உடைந்து ஓய்வு பெறுவதைப் பற்றியே பேசினார். அடுத்து வந்த மார்க் டிரெஸ்ட்மன் அவரைத் தாக்குதல் அணியிலிருந்து எடுத்து, ரிட்டர்ன் மட்டும் போதும் என்றார். 2013-ல் ஒரு கேட்ச்கூட இல்லை. கிக்காஃப் சராசரி 27.6, பன்ட் சராசரி 14.2, வாஷிங்டனுக்கு எதிராக 81 யார்டு பன்ட் டச்டவுன். உங்கள் பக்கத்துக்கு இதுதான் மிக வலுவான சாட்சி, மறைக்க மாட்டேன். 'ஆரம்பத்திலிருந்தே இப்படி விட்டிருந்தால்?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் பேர்ஸின் இடத்திலிருந்தும் யோசியுங்கள். உங்களிடம் இருக்கும் மிக ஆபத்தான ஆட்டக்காரனுக்கு எதிரணி பந்தே தர மாட்டேன் என்கிறது. நீங்களாவது தர வேண்டாமா? முயன்றது தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். 2008-லேயே அவரை முதன்மை ரிசீவர்களில் ஒருவராக ஆக்கியதுதான் அளவு மீறியது. ஆட்டத்துக்கு நாலைந்து தடவை, அவருக்கென்றே எளிமையாக வரைந்த ஓட்டங்களில் பந்தைக் கொடுத்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்தவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஏன் மூன்று வருடம் ஆனது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். 2022-லும் 2023-லும் இறுதிப் பட்டியல் வரை வந்து நின்றுபோய், 2024-ல் தேர்வானார். ரிட்டர்னையே முதல் வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே நுழைந்தது அதுதான் முதல் தடவை. தயங்கியவர்களின் வாதம், ஆட்டத்துக்கு ஐந்தாறு தடவை மட்டும் பந்தைத் தொடுபவருக்கு அந்த இடமா என்பது. பன்ட் உதைப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர்கூட 2014-ல் ரே கை வரும்வரை நுழையாத இடம் அது. வேறு கணக்குகளும் உண்டு. கிக்காஃப் டச்டவுன் மட்டும் எடுத்தால் கார்டரெல் பேட்டர்சன் ஒன்பது, ஹெஸ்டர் ஐந்துதான். மொத்த ரிட்டர்ன் யார்டு என்றால் பிரையன் மிட்செல் 19,013, ஹெஸ்டர் சுமார் 11,000. ஆனால் பன்டில் 14, கிக்காஃபில் 5, தவறிய ஃபீல்ட் கோலில் 1, ஆக 20 டச்டவுன்கள் என்ற எண்ணை யாரும் தொடவில்லை. முந்தைய சாதனை டீயான் சாண்டர்ஸின் 19, அதில் எதிரணியிடமிருந்து பறித்த பந்துகளை எடுத்து ஓடியதும் சேர்த்தி. ஹெஸ்டரின் இருபதும் உதைத்த பந்துகள். அவருக்கு உதைக்கப் பயந்து கோட்டுக்கு வெளியே அனுப்பியதால் பேர்ஸுக்குக் கிடைத்த யார்டுகளுக்குப் பெயர் போட்டுத் தனிக் கணக்கு எதிலும் இல்லை. என் கண்ணில் அதுவும் அவர் சம்பாதித்தது.

அந்த இருபதாவதையும் தேடிப் பாருங்கள். 2014 செப்டம்பர் 18, அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம், டாம்பா பேவுக்கு எதிராக, 62 யார்டு. சின்ன வயதிலிருந்து ஹெஸ்டரின் ஆதர்சம் சாண்டர்ஸ்தான், பின்னால் வழிகாட்டியும் ஆனார். அவருக்கு மரியாதையாகக் கடைசி யார்டுகளில் அவரைப் போலவே முழங்காலைத் தூக்கி வைத்து ஓடினார், அதற்கு நடுவர் 15 யார்டு தண்டனையும் கொடுத்தார். அப்புறம், நேரம் இருந்தால், அதே ஜார்ஜியா டோமில் 2017 ஜனவரியில் நடந்ததையும் பாருங்கள். அப்போது அவர் சியாட்டில் சீஹாக்ஸில். வயது 34. கால்விரல் காயம், பால்டிமோர் அணி வேண்டாமென்று விட்டது, எல்லாம் தாண்டி வந்து நாக்அவுட் ஆட்டத்தில் நிற்கிறார். ஒரு பன்டைப் பிடித்தார். பக்கவாட்டில் இரண்டு அடி, ஒரு வெட்டு, நேர்க்கோடு, ஏறக்குறைய 80 யார்டு. ஓடி முடித்துத் திரும்பினால் மைதானத்தின் நடுவில் மஞ்சள் கொடி கிடக்கிறது. சகவீரர் ஒருவர் எதிராளியைப் பிடித்து நிறுத்தியிருந்தார், ஓட்டம் செல்லாது. சீஹாக்ஸ் 36-20 என்று தோற்றது. அன்றோடு ஹெஸ்டர் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். எந்தக் கணக்கிலும் ஏறாத அந்த ஓட்டத்தைத்தான் நான் பையன்களுக்குக் கடைசி நாள் பயிற்சியில் போட்டுக் காட்டுவேன்.